பைய அண்ணன் நடத்திய வண்டி

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சேர்த்து, சாலையில் பைய அண்ணனை முந்தாதவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர், அவருடைய வண்டிக்கு முன்னால் சங்கு ஊதிக்கொண்டு போகிறவர். இன்னொருவர், வண்டிக்குள் படுத்திருப்பவர். மற்ற எல்லோரும் முந்தியிருக்கிறார்கள். மாட்டு வண்டிகள் முந்தியிருக்கின்றன. தென்னை மட்டையைத் தரையில் இழுத்துக்கொண்டு போன ஒரு அம்மா முந்தியதை நானே பார்த்தேன். சுந்தரபாண்டியம் விலக்கில் ஒரு எருமை, எந்த அவசரமும் இல்லாமல், ஓரத்துப் புல்லை மேய்ந்துகொண்டே முந்தியது.

அவர் சவ வண்டி டிரைவர். ராஜபாளையத்தில் ஒரு வியாபாரிகள் சங்கம் தர்மத்துக்காக வைத்திருக்கும் பழைய வேன் அது. இரு பக்கமும் கண்ணாடி, உள்ளே மூடி போட்ட கண்ணாடிப் பெட்டி, கூரையின் நான்கு மூலைகளிலும் தகரத் தாமரை, நெற்றியில் 'இறுதி யாத்திரை ஊர்தி' என்ற எழுத்து. ரேஷன் கார்டில் அவர் பெயர் என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் பக்கத்தில் 'பைய' என்றால் மெதுவாக. பாடையைத் தூக்கி வண்டியில் வைக்கும்போது "பைய... பைய..." என்பார். கதவைச் சாத்தும்போதும் அதுவே. வண்டி நகரும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அதனால் அவர் பைய அண்ணன். தெலுங்கு பேசும் தெருக்களில் அவருக்கு 'மெல்லகா' என்று பெயர். இரண்டு மொழிக்காரர்களும் கலந்து பேசாமலே ஒரே முடிவுக்கு வந்த விஷயம், எனக்குத் தெரிந்து, இது ஒன்றுதான்.

நான் அந்த ஆண்டுகளில் ஒரு நாளிதழுக்கு இரண்டு ஊர்களின் செய்தியையும் அனுப்பிக்கொண்டிருந்தேன். எதையும் கடிகாரம் வைத்துப் பார்ப்பது என் தொழில் புத்தி. ஒரு நாள் அவர் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டபோது, வேறு வேலை இல்லாததால், கணக்கெடுத்தேன். நான் ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரத்தை அவர் இருபத்திரண்டு நிமிடத்தில் கடந்தார். அந்த வண்டியைப் பழுது பார்க்கும் மெக்கானிக், "மொத கியர் தேஞ்சு போச்சு சார். ரெண்டாங் கியரைப் பாத்தீகன்னா கம்பெனில இருந்து வந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு" என்றார்.

இந்த வேகத்துக்கு ஒரு முறை இருந்தது. புறப்படுவதற்கு முன் அவர் கூட்டத்தை ஒரு பார்வை பார்ப்பார். நடந்து வரப்போகிறவர்களில் யார் மிகவும் மூத்தவர், யாருக்கு முட்டி வலி, யார் கம்பு ஊன்றியிருக்கிறார் என்று ஆளைத் தேர்ந்துகொள்வார். பிறகு வழி முழுவதும் கண்ணாடியில் அந்த ஒருவருடைய கால்களை மட்டுமே பார்த்து வருவார். அந்தக் கால் தயங்கினால் வண்டி தயங்கும். ஒருமுறை அப்படி அவர் குறித்துக்கொண்ட பெரியவருக்கே பொறுமை போய்விட்டது. ஆட்டோ பிடித்து வண்டியை முந்திப் போய், சுடுகாட்டு வாசலில் டீ குடித்துவிட்டு, யாரையும் காணோமே என்று அதே ஆட்டோவில் திரும்பி வந்தார். வண்டி பாதித் தூரம்கூட வந்திருக்கவில்லை. "எங்க போனீய தாத்தா, கண்ணாடியில கால காணமேன்னு நிப்பாட்டிட்டேன்" என்றார் பைய அண்ணன்.

பிறவியிலேயே மந்தமான ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. வேலை முடிந்ததும் வண்டியைக் கழுவி, தானும் குளித்து, வெளுத்த சட்டையை மாட்டிக்கொண்டு தன் மொபெட்டில் ஏறினார் என்றால், அது வேறு மனிதர். தளவாய்புரம் சாலையில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடையில் அவர் நுழைந்து போனதைப் பார்த்து நான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன். கேட்டதற்கு, "உசுரோட இருக்கவன் வெரசாப் போகலாம் சார். வீட்டுல சோறு ஆறிப்போயிரும்லா" என்றார்.

ஒருநாள் காலை, பஜாரில் அவர் வண்டி போனதால் கடைகள் திறக்கும் நேரத்தில் போக்குவரத்து மொத்தமாக நின்றுவிட்டது. நான் செய்தி அனுப்பினேன். 'சவ ஊர்தியை ஓட்டி வந்த டிரைவரின் பிடிவாதத்தால் ஒன்றரை மணி நேரம் போக்குவரத்து பாதிப்பு' என்று வெளிவந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு என் வீட்டு வாசலில் அந்தப் பத்திரிகையோடு நின்றார்.

"சார், இதுல ஒரு தப்பு இருக்கு."

"ஒன்றரை மணி நேரம் ஆகலையா?"

"அது கூடவே ஆகியிருக்கும். பிடிவாதம்னு போட்டிருக்கீக, அதுவும் சரிதான். இந்த 'ஓட்டி'ங்கிறீகல்லா, அதுதான் தப்பு."

எனக்குப் புரியவில்லை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஓட்டுறதுன்னா என்ன சார்? மாட்டை ஓட்டுவோம். ஏர் ஓட்டுவோம், தறி ஓட்டுவோம். கம்மங்காட்டுல குருவி ஓட்டுவோம். எலையில ஒக்காருத ஈய ஓட்டுவோம். வேண்டாததத் தூரப் போன்னு வெரட்டுறதுக்கும் அதே பேருதான். செத்தவுகள வெரட்டுறதா?"

"சரி, வேற எப்படி எழுதணும்?"

"சைக்கிளை மிதிக்கோம். கை வண்டியத் தள்ளுதோம். மாட்டு வண்டியப் பத்துதோம். தேரை இழுக்கோம். பச்சப் பிள்ளை நடவண்டியக்கூட உருட்டுதான்னுதான் சொல்லுதோம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு சொல்லு இருக்குல்லா. இதை நடத்துதோம் சார். கல்யாணத்தை நடத்துத மாதிரி."

திருத்தம் வெளியிட வேண்டும் என்று கேட்டார். மதுரை அலுவலகத்துக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அங்கே செய்தி மேஜையில் இருந்தவர், "அந்தப் பக்கம் வெயில் அதிகமோ?" என்றார். திருத்தம் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த வண்டியைப் பற்றி எழுத நேர்ந்தபோதெல்லாம் 'ஊர்தியை நடத்தி வந்த' என்றே எழுதி அனுப்பினேன். மதுரையில் ஒவ்வொரு முறையும் அதைத் தவறு என்று கருதி 'ஓட்டி வந்த' என்று மாற்றி அச்சிட்டார்கள். பைய அண்ணனும் ஒவ்வொரு முறையும் அதே வாசலில் வந்து நின்றார்.

அவருக்கு நேரெதிர் ஆள் ஒருவர் இருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்புக்குப் போகும் ஒரு மினி பஸ்ஸின் டிரைவர் வேல்முருகன். காக்கிச் சட்டை, இடப்பக்கம் வகிடெடுத்துச் சீவிய முடி, ஸ்டியரிங்கில் ஒரு கை, ஹாரனில் மறு கை. அந்த வழியில் மினி பஸ்ஸுக்கு நேரம்தான் உயிர். நாலு நிமிடம் பிந்தினால் பின்னால் வரும் பஸ் ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடும். அந்த நாலு நிமிடத்தைத்தான் வாரம் ஒருமுறையாவது பைய அண்ணன் பறித்துக்கொள்வார். கிராமத்துச் சாவுகளுக்கு அந்த வண்டிதான் போகும். சாலையோ ஒரு வண்டி அகலம்.

நான் அந்தப் பஸ்ஸில் அடிக்கடி போகிறவன். முன் சீட்டில் உட்கார்ந்து, அவர்கள் இருவரும் ஓடும் வண்டிகளிலிருந்து பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன்.

"ஏலே பைய! பொணமே எந்திரிச்சு நடந்து போயிரும்லே!"

"எந்திரிச்சா எறக்கி விட்டுருவேண்ணே."

"ஒழுங்கா ஓட்டுலே வண்டிய!"

"இது ஓட்டுத வண்டி இல்லண்ணே. நடத்துத வண்டி."

"நடத்துதவன் கண்டக்டர்லே! டிரைவருன்னா ஓட்டணும்! அரசாங்கமே அப்படித்தான எழுதிப் போட்டிருக்கு!"

பஸ்ஸுக்குள் எல்லோரும் சிரிப்பார்கள். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நடந்து வருகிற சொந்தக்காரர்களில்கூட இரண்டு பேர் துண்டால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். பைய அண்ணன் கண்ணாடியில் கால்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வேகத்தையும் கூட்ட மாட்டார்.

ஆனால் வத்திராயிருப்பு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இருவரும் ஒரே பெஞ்சில்தான் உட்காருவார்கள். வேல்முருகனுக்கு ஒரே மகள், முத்துலட்சுமி. போலீஸில் சேர்ந்து சென்னையில் ஆயுதப்படையில் இருந்தாள். "எம் மககிட்டச் சொல்லி ஒனக்கு ஒரு கேஸ் போடச் சொல்லுதேன் பாரு. ஊர்ல வேகமாப் போறவனப் பூராம் பிடிக்காக. பையப் போறவனப் பிடிக்க ஆள் வேணும்லா" என்பார் வேல்முருகன். அந்தச் சாக்கில் மகளைப் பற்றி இருபது நிமிடம் பேசுவார். பின்னால் வரும் பஸ் ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். அப்போது மட்டும் அவர் கண்டுகொள்ள மாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேல்முருகன் கடைசி டிரிப் முடித்து, மடவார் வளாகத்தில் இருந்த தன் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. ஐம்பத்து நான்கு வயது.

முத்துலட்சுமி அன்று திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கோயில் திருவிழா பந்தோபஸ்தில் இருந்தாள். தகவல் போய், மாற்று ஆள் வந்து, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மேல்தான் விடுவித்தார்கள். பஸ் மாறிப் பஸ் மாறி வந்துகொண்டிருந்தாள்.

சனிக்கிழமை பிற்பகல் நான் போனபோது வீட்டு வாசலில் சவ வண்டி நின்றிருந்தது. தாமரைகளின் தூசியை பைய அண்ணன் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு அடுத்த தாமரைக்குப் போனார்.

காரியங்களை எல்லாம் வேல்முருகனின் அண்ணன் சங்கையா முன்னின்று நடத்திக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பத்தில் அவரே மூத்தவர். கனத்த உடம்பு, அதற்கேற்ற குரல். மேற்கே மலை மீது மேகம் கறுத்திருந்தது. நாலு மணிக்கு எடுத்துவிட வேண்டும் என்றார். வேல்முருகனின் மனைவி பேச்சியம்மாள் எழுந்து வந்து அவர் எதிரில் நின்றாள்.

"அத்தான், செத்த நேரம் பொறுங்க. பிள்ளை கல்லுப்பட்டி வந்துட்டாளாம். இப்பதான் பேசுனா."

"கல்லுப்பட்டியில இருந்து இங்க வர ஒரு மணி நேரம் ஆகும்த்தா. மேக்க பாரு. வெறகு நனைஞ்சா என்ன செய்ய?"

"அவ அப்பன் மொகத்தப் பாக்க வேண்டாமா?"

"மகன்னா காத்திருக்கலாம். கொள்ளி வைக்க எம் பய இருக்கான். பொட்டப் பிள்ளை வந்து என்ன செய்யப் போறா? சுடுகாட்டுக்கும் வர முடியாது."

அந்தத் தெரு வழக்கப்படி பெண்கள் தெருமுனை வரைதான் வரலாம். வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டால் முத்துலட்சுமிக்கு அப்பாவின் முகம் இல்லை, வாய்க்கரிசியும் இல்லை. பேச்சியம்மாள் திரும்பினாள். வாசலில் நின்ற பைய அண்ணனை ஒருமுறை பார்த்தாள். "அண்ணே..." என்றாள். பைய அண்ணன் துணியைப் பிழிந்து கொடியில் போடுவதுபோல் வண்டியின் பக்கக் கண்ணாடி மேல் போட்டுவிட்டு, மினி பஸ் கண்டக்டரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அந்தப் பையன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தான்.

சங்கையா எல்லாவற்றையும் முறைப்படி செய்கிறவர். சனிக்கிழமை ஆனதால் ஒரு கோழியும் வாங்கி வரச் சொல்லியிருந்தார். சனிப் பிணம் தனியாகப் போகாது, கூட ஒரு துணையைத் தேடும் என்பது நம்பிக்கை. அந்தத் துணைக்குத்தான் கோழி. சிவப்பு நிறத்தில் ஒரு விடைக்கோழி வந்தது. அதன் காலைச் சணலால் கட்டி வண்டியின் பின்படியில் தொங்கவிட ஒருவர் முயன்றார்.

"கொண்டாங்க, நான் கட்டுதேன்" என்று பைய அண்ணன் வாங்கிக்கொண்டார்.

சற்றுமுன் அவர் மாலைகளைக் கட்டியதைப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முடிச்சு. கோழிக்கு ஒரு முடிச்சுதான் போட்டார். அதிலும் சணலின் ஒரு முனையை, இழுத்தால் வந்துவிடும்படி, வெளியே நீட்டி விட்டார். செய்தியாளனின் கண் இதையெல்லாம் வேண்டுமென்று பார்ப்பதில்லை; அதுவாகப் பதிந்துகொள்கிறது.

நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு வண்டி புறப்பட்டது. வீட்டிலிருந்து தெருமுனைக்கு நூற்றைம்பது அடி இருந்தால் அதிகம். சங்கு, சேகண்டி, முன்னால் தப்பு மேளம். ஒருவர் வண்டி மீதிருந்து பொரியை இறைத்துக்கொண்டே வந்தார். பைய அண்ணன் கூட்டத்தில் இருந்த ஒரு தாத்தாவின் காலைத் தேர்ந்துகொண்டார். அந்தத் தாத்தாவுக்கு வாதம். ஐந்து நிமிடம் கழித்து வண்டி அடுத்த வீட்டு வாசலைத் தாண்டியது.

சங்கையா வந்து கதவைத் தட்டினார். "வேய், வண்டியில பெட்ரோல் இல்லையா?"

"டீசல் வண்டி அண்ணாச்சி."

"அந்த டீசலாவது இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி. பெரியவுக நடக்க முடியாம வாராக, பாருங்க."

சங்கையா தாத்தாவைப் பிடித்து வண்டிக்குள் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஏற்றிவிட்டார். பைய அண்ணன் கண்ணாடியைச் சரிசெய்து, கூட்டத்தில் இன்னொரு தாத்தாவைத் தேடிக்கொண்டார்.

இப்படியாக அந்த நூற்றைம்பது அடிக்கு அரை மணி நேரம் ஆனது. நாலு முப்பத்தைந்துக்குத் தெருமுனை. பேச்சியம்மாளின் கையில் இருந்த போன் அடித்தது. கிருஷ்ணன்கோவில் தாண்டிவிட்டாளாம். இன்னும் இருபது நிமிடம், பஸ் ஸ்டாண்டிலிருந்து இங்கே ஐந்து நிமிடம். மேற்கே ஒரு இடி இடித்தது. பெண்கள் நின்றார்கள். பேச்சியம்மாள் வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இரண்டு பெண்கள் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள்.

"எடும்வேய் வண்டிய!" என்றார் சங்கையா.

"மாலை சரியுது அண்ணாச்சி, இந்தா வாரேன்." பைய அண்ணன் இறங்கிப் பின்பக்கம் போனார். மாலை எதுவும் சரிந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒரு நொடி குனிந்தார், நிமிர்ந்தார், திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்தார். அதே நேரத்தில் முன்னால் யாரோ சரவெடியைப் பற்ற வைத்தார்கள். முதல் வெடிக்கே கோழி சிறகடித்து எழும்பியது. பின்படியில் இருந்து ஒரு மதில், மதிலில் இருந்து ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அங்கே உட்கார்ந்து எங்கள் எல்லோரையும் தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"போனாப் போகுது, விடுங்கலே. வண்டிய எடு" என்றார் சங்கையா.

"எடுத்துருதேன் அண்ணாச்சி. நீங்கதான சொன்னீக, சனிப் பொணம் தனியாப் போகாது, தொணை தேடும்னு."

"அதுக்கு?"

"கோழி இல்லைன்னா வேற யாரையாச்சும் தேடும்லா. மொதல்ல மூத்தவுகளத்தான் பாக்கும்பாக. எனக்கென்ன, வெளியூர்க்காரன். எடுத்துரட்டுமா?"

சங்கையா அந்தக் குடும்பத்தில் யார் மூத்தவர் என்று கொஞ்சம் யோசித்ததுபோல் இருந்தது. யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"ஏலே, என்னலே பாத்துக்கிட்டு நிக்கீக? கோழியப் பிடிங்கலே!"

ஒருவர், பக்கத்துக் கடையில் வேறு கோழி வாங்கிவிடலாம் என்றார். பைய அண்ணன் வருத்தத்தோடு தலையசைத்தார். "நேந்து கட்டுன கோழிய விட்டுட்டு வேற கோழி கட்டக் கூடாது. பொறவு இது ஒண்ணு, அது ஒண்ணுன்னு ரெண்டு தொணையாக் கேக்கும்." இப்படி ஒரு சம்பிரதாயம் உண்டா என்று பிற்பாடு பலரிடம் விசாரித்தேன். யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அன்று அதைக் கேட்டதும் சங்கையாவுக்கு அடுத்து மூத்தவராக இருந்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மதிலில் ஏறினார்.

அடுத்த இருபத்தைந்து நிமிடம் ஒரு சாவு ஊர்வலம் கோழி பிடித்தது. கூரையின் ஒரு பக்கம் ஏணி வைத்தால் கோழி மறுபக்கம் போனது. ஒருவர் துண்டை வீசினார். துண்டு முருங்கை மரத்தில் தங்கிவிட்டது. தப்பு அடிப்பவர்கள் அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் மெதுவாக அடித்தார்கள். சங்கையாவே ஏணியில் நாலு படி ஏறினார். ஐந்தாவது படி அவரை ஏற்க மறுத்தது. வண்டியின் எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பைய அண்ணன் ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து வரும் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவரை அறியாமலே ஆக்ஸிலரேட்டரை இரண்டு முறை மிதித்தார். அந்த மனிதர் பதற்றப்பட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

ஐந்து மணிக்குத் தூறல் விழ ஆரம்பித்தது. அதற்குப் பிறகு சில நிமிடங்களில் மோட்டார் சைக்கிள் வந்தது. பின்னால் காக்கி பேண்ட், மேலே யாருடையதோ சட்டை, தோளில் பை. நிற்பதற்குள் முத்துலட்சுமி குதித்து இறங்கினாள்.

பைய அண்ணன் எஞ்சினை அணைத்தார். இறங்கி வந்து பின்கதவைத் திறந்தார். கண்ணாடிப் பெட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

அவள் அலறுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவள் படியில் ஏறி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "எப்பா, நான் வந்துட்டேன்ப்பா" என்றாள், பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைகிறவளைப் போல. பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரும்மா தலை சீவி விட்டது? வகிடு மாத்தி எடுத்திருக்கு."

பையைத் திறந்து சீப்பை எடுத்தாள். முடியைக் கலைத்து, இடப்பக்கம் வகிடெடுத்து, படியப் படியச் சீவினாள். அதற்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும். யாரும் அவசரப்படுத்தவில்லை. சங்கையாகூட ஏணியைப் பிடித்தபடி நின்றார். பேச்சியம்மாள் மடியில் இருந்த வாய்க்கரிசியைக் கொடுத்தாள். மகள் போட்டாள். அதன் பிறகுதான் அழுதாள்.

எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது, தெருவில் இறைத்துக் கிடந்த பொரியைத் தின்னக் கோழி தானாகவே இறங்கி வந்திருந்தது. வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொத்திக்கொண்டிருந்தது. பைய அண்ணன் மூடியை மெல்ல இறக்கிவிட்டு, குனிந்து, ஒரே கையால் அதைத் தூக்கினார். பூப் பறிப்பதுபோல. பின்படியில் வைத்துக் கட்டினார். இரண்டு முடிச்சு.

"பைய... பைய..." என்று கதவைச் சாத்தினார். வண்டி தெருமுனையைத் தாண்டியது. தீ நன்றாகப் பிடித்த பிறகுதான் பெருமழை வந்தது; ஆகவே சங்கையா யாரையும் குறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து டீக்கடையில் பைய அண்ணனைப் பிடித்தேன்.

"அண்ணே, அன்னைக்கு அந்தக் கோழி எப்படி அவுந்துச்சு?"

டீயை ஆற்றினார். ஒரு வாய் குடித்தார். கிளாஸை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"சாவு வீட்டுல ஆளுக்கொரு அவசரம் சார். அதுக்கும் என்னமோ அவசரம்" என்றார். மொபெட்டில் ஏறினார். நான் அடுத்த கேள்வியை யோசிப்பதற்குள் ஒரு அரசு பஸ்ஸை முந்திவிட்டார்.

அன்றைய நிகழ்ச்சியை நான் பத்திரிகைக்கு எழுதி அனுப்பவில்லை. ஒரு வண்டி தாமதமாகப் புறப்பட்டுத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது; அதில் செய்தி இல்லை என்று அப்போது நினைத்தேன்.

எனக்கும் ஒரே மகள்தான். புனேயில் வேலை பார்க்கிறாள். தகவல் போய், விமானம் பிடித்து, மதுரையில் இறங்கி, கார் பிடித்து இங்கே வர எப்படிக் கணக்குப் போட்டாலும் பன்னிரண்டு மணி நேரம் ஆகிறது. பைய அண்ணனுக்கு இன்னும் மூன்று வருடம்தான் வேலை இருக்கிறது என்றார்கள். அதை நீட்டிக் கொடுக்கும்படி சங்கத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.